மேல்மருவத்தூர் வருவதற்குள் வலது கை மரத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். வாரம் ஒருமுறை தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போய் வருகிறேன். பழைய தோரணையில் வரும் 350 சிசி வண்டி, நேர் ஹேண்டில் பார். என் உயரம் 5 அடி 5 அங்குலம். இரண்டு வருடமாகத் தொந்தரவே இல்லை. இப்போது இரண்டு மாதமாக, மேல்மருவத்தூர் வருவதற்குள் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. தோள்பட்டையும் இறுகுகிறது. சீட்டில் சறுக்கி டேங்கில் போய் முட்டுவதால், அடிக்கடி பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. ஜெல் வைத்த கையுறை வாங்கியும் பலனில்லை. ஹேண்டில் பாரை உயரமானதாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் 1
ஹேண்டில் பாரை உயர்த்தும் ஒரு அங்குல ரைசர் போட்டேன், முதுகுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் கிளட்ச் கேபிள் விறைத்து நின்றது. நீளமான கேபிள் வாங்க வேண்டியதாயிற்று. அதையும் கணக்கில் வையுங்கள்.

பதில் 2
தம்பி, பணம் செலவழிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. உடம்பு எடை அங்கே அழுந்தினால் அந்த இரண்டு விரலும்தான் மரக்கும். எடை ஏன் கைக்குப் போகிறது என்று பாருங்கள். டேங்கில் முட்டுகிறது என்றீர்களே, எனக்கு அதுதான் பிடிபடுகிறது. இரண்டு மாதம் முன்பு பின் ஷாக் அப்சார்பரில் யாராவது கை வைத்தார்களா?

கேட்டவர்
ஆமாம் அண்ணா! மனைவியையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போனோம். அப்போது ஒரு கடையில் ஷாக்கை டைட் வைத்தார்கள். அப்படியே விட்டுவிட்டேன். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் இறுக்கம் இடது பக்கம் 5-வது ஸ்டெப், வலது பக்கம் 4.

பதில் 2
அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இருவர் எடைக்கு வைத்த ஸ்பிரிங், ஒருவர் உட்கார்ந்தால் போதுமான அளவு அமுங்காது. பின்பக்கம் தூக்கி நிற்கும், சீட் முன்னால் சரியும், நீங்கள் கையை ஊன்றித் தாங்குகிறீர்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு ஸ்டெப்பில் இருப்பது வண்டிக்கும் நல்லதில்லை. சைலன்சர் ஆறியதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டூல் கிட்டில் உள்ள சி ஸ்பேனரால் இரண்டையும் 2-க்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் லிவர். வண்டியில் உட்கார்ந்து விரல்களை நீட்டி பிரேக் லிவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். லிவர் மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு மடங்கும். கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி லிவரைக் கீழே திருப்புங்கள். பிரேக் ஆயில் டப்பா அதிகம் சாயக் கூடாது. முடிந்ததும் நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

பதில் 3
முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடியுங்கள் சார், முழங்கை லேசாக மடிந்திருக்கட்டும். கிரிப்பை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது, அதை விட்ட பிறகுதான் தோள்வலி குறைந்தது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்
ஞாயிற்றுக்கிழமை எல்லாம் செய்தேன். ஷாக் இரண்டும் 2-இல். பிரேக் லிவரை ஒரு விரல் அகலம் இறக்கினேன், ஹேண்டில் ஒடித்தபோது இன்ஜின் சத்தம் ஏறவில்லை. நேற்று விழுப்புரம் போனேன். மேல்மருவத்தூரைத் தாண்டியதே தெரியவில்லை. திண்டிவனத்துக்கு அப்பால் சுண்டுவிரலில் மட்டும் லேசாகச் சுருக்கென்றது, டீ குடிக்க இறங்கியதும் போய்விட்டது. டேங்கில் முட்டவே இல்லை. ரொம்ப நன்றி அண்ணா, ஹேண்டில் பாரை மாற்றப் போவதில்லை.

பதில் 2
சந்தோஷம் தம்பி. அடுத்த முறை வீட்டில் இருப்பவர்களை ஏற்றினால் மறக்காமல் 4-க்கு ஏற்றுங்கள், திரும்பி வந்த அன்றே இறக்கிவிடுங்கள்.