அப்பா அம்மாவுடன் ஆல்டா பனிமலைக்கு: வாடகைக் காரா, பஸ்ஸா?

பென்னாகரத்துப் பையன்:
வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஒருநாள் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கு வழியாக ஆல்டா என்ற மலை ஊருக்குப் போய்ப் பனியும் பனிச்சறுக்கும் பார்க்க ஆசை. தொப்பூர் கணவாயில் பத்து வருஷமாக கார் ஓட்டுகிறேன். அங்கே வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.

சாண்டி காவேரிப்பட்டணத்தாள்:
தம்பி, எனக்குக் காவேரிப்பட்டணம். ஆறு குளிர்காலமாக இங்கே சால்ட் லேக் பக்கத்தில் சாண்டி என்ற ஊரில் இருக்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கின் வாய் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். நீங்கள் ஓட்ட வேண்டாம்.

தொப்பூரில் கீர் குறைத்து இறங்கப் பழகியவருக்கு இங்கே பாதி வேலை தெரியும். மீதிப் பாதியில்தான் ஆபத்து. பனி இறுகிக் கிடக்கும் ரோட்டில் பிரேக் மிதித்தால் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஏறத்தான் உதவும், நிற்க உதவாது. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் இறங்கும்போது முன்னால் போன வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் பிரேக்கில் கால் வைத்தேன். ஸ்டியரிங் நேராகத்தான் இருந்தது. வண்டி மட்டும் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்துப் பனிமேட்டில் முட்டி நின்றது. பின்சீட்டில் மகள் தூக்கம் கலையவில்லை. எனக்கு வீடு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை.

டயரும் பார்க்க வேண்டும். பனி கொட்டும் நாளில் பள்ளத்தாக்கு வாயிலேயே போலீஸ் நிறுத்துவார்கள். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் கார் என்றால், டயர் பக்கவாட்டில் மூன்று சிகரமும் பனிப்பூவும் போட்ட முத்திரை வேண்டும், இல்லையென்றால் டயரில் மாட்டும் செயின் வேண்டும். வாடகை வண்டியில் அந்த டயர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ராத்திரி பனி அதிகம் விழுந்தால் காலையில் ரோட்டை மூடிவிட்டு, மேலே தேங்கிய பனியை வெடி வைத்துச் சரித்துவிடுவார்கள். பனிச்சரிவு அபாயம் கூடினால் ஆல்டாவில் யாரும் கட்டடத்தை விட்டு வெளியே வரக்கூடாது, அது சட்டம். 2021 பிப்ரவரியில் அப்படிச் சுமார் 60 மணி நேரம் உள்ளேயே இருந்தார்கள். அதனால் அப்பாவின் மாத்திரையை மூன்று நாளுக்குச் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

குளிர்காலம் முழுக்க, பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கான ஸ்கீ பஸ் ஓடுகிறது. அதில் போங்கள்.

கிருஷ்ணகிரி நர்ஸ்:
உயரத்தையும் யோசியுங்கள். ஊட்டி சுமார் 7,350 அடி. ஆல்டாவின் அடிவாரமே 8,500 அடிக்கு மேல். சால்ட் லேக் 4,200 அடிதான், அங்கே இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு ஏறுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே இறங்கிவிடுங்கள். கிளம்பும் முன் அப்பாவின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பென்னாகரத்துப் பையன்:
சரிங்க அக்கா, பஸ்தான். அப்பாவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது, உட்கார இடம் கிடைக்குமா?

சாண்டி காவேரிப்பட்டணத்தாள்:
அந்த வாரம் லீவு கூட்டம் இருக்கும். காலையில் பஸ் கிளம்பும் இடத்துக்கே போய் ஏறினால் உட்காரலாம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மூன்று மணிக்கு இறங்கப் பாருங்கள். வழியில் சாப்பிட இட்லி, பொடி கட்டித் தருகிறேன், முந்தின நாள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.