பிரேக் மிதித்தால் டாஷ்போர்டு எரிகிறது! என்ன கோளாறு?

முத்துநகர்வாசி:
வணக்கம். தூத்துக்குடியில் இருக்கிறேன். 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஐப்பசி மழைக்குப் பிறகு இந்தக் கூத்து ஆரம்பித்தது. பட்டப்பகலில், விளக்கு எதுவும் போடாதபோது பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு வெளிச்சமும் நம்பர் பிளேட் விளக்கும் மங்கலாக எரிகின்றன. காலை எடுத்தால் அணைந்துவிடுகின்றன. இரவில் வேறு விதம். ஹெட்லைட் போட்டால் வலது பின்விளக்கு ஒழுங்காக எரிகிறது. பிரேக் மிதித்ததும் அது மட்டும் அணைகிறது. பின்னால் வருகிற லாரிக்காரர் என்ன நினைப்பார்? இண்டிகேட்டரில் குறை இல்லை. பல்பு மாற்றிவிட்டேன், பியூஸ்கள் சரி. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, பிழை எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். ஆனாலும் பின்பக்க ஒயரிங் முழுவதையும் மாற்ற 14,000 ரூபாய் ஆகுமாம்!

கோவை ஓட்டுநர்:
பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். எனக்கு அதில்தான் கோளாறு.

பட்டறை அண்ணாச்சி:
பிரேக் சுவிட்ச் கெட்டால் பிரேக் விளக்கு எரியாது, இல்லாவிட்டால் அணையாது. டாஷ்போர்டுக்கும் அதற்கும் என்ன உறவு? தம்பி, ஒன்றும் வாங்க வேண்டாம். வலது பின்விளக்கில் எர்த் போய்விட்டது.

அந்த ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க்கிங்குக்கு. இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான்: பாடியில் போல்ட் போட்டு முடுக்கிய எர்த் ஒயர். அது அடைபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். பகலில் பிரேக் மிதிக்கும்போது 21 வாட் இழை வழியாக வந்து, எர்த் கிடைக்காமல், 5 வாட் இழையில் தலைகீழாக ஏறிப் பார்க்கிங் லைனுக்குள் நுழைகிறது. அந்த லைனில்தான் டாஷ்போர்டு வெளிச்சமும் நம்பர் பிளேட் விளக்கும் இருக்கின்றன. அவற்றின் எர்த் நன்றாக இருப்பதால் மங்கலாகவாவது எரிகின்றன.

இரவில் 5 வாட் இழை பிரேக் லைன் வழியே போய், இடது பிரேக் பல்பின் எர்த்தைக் கடன் வாங்கி எரிகிறது. நீங்கள் பிரேக் மிதித்ததும் அந்த லைனிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இழையின் இரு முனையிலும் ஒரே வோல்ட் என்றால் எப்படி எரியும்? சில வண்டிகளில் இண்டிகேட்டரும் இதே எர்த்தில் இருக்கும், அதுவும் சேர்ந்து ஆடும். உங்களுடையதில் அதற்குத் தனி எர்த் போலிருக்கிறது. இந்தச் சாதாரண பல்பு ஒயரைப் பற்றிக் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது, அதன்மேல் கோபப்பட வேண்டாம்.

மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். 20 ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடிக்கும். எரியும் 21 வாட் பல்பின் தடையே ஏறக்குறைய 7 ஓம்தான், அதைவிடப் பெரிய தடையையும் மீட்டர் நலம் என்றுவிடும்! டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில், மறுமுனை ஹோல்டரின் எர்த் தகட்டில். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். பல வோல்ட் காட்டினால் ஒயரைப் பின்தொடர்ந்து போல்டுக்குப் போங்கள்.

கோவை ஓட்டுநர்:
என் சுவிட்ச் உண்மையாகவே கெட்டுத்தான் இருந்தது அண்ணாச்சி!

முத்துநகர்வாசி:
10.4 காட்டியது அண்ணாச்சி! டிக்கியின் வலது பக்க அட்டையைக் கழற்றினால் போல்ட் முழுக்கத் துரு. ஒயர் முனை பச்சைக் களிம்பேறி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, புதிய முனை வைத்து முடுக்கினேன். இப்போது 0.05. விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிகின்றன. மேலே வாசலின் தடவலாமா?

பட்டறை அண்ணாச்சி:
முடுக்கிய பிறகு தாராளமாகத் தடவுங்கள், உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு நல்லது. இடது பக்கப் போல்டையும் திறந்து பாருங்கள். அதைவிட முக்கியம், உள்ளே தண்ணீர் எப்படி வந்தது என்பது. விளக்குக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் கேஸ்கட்டின்மேல்தான் எனக்குச் சந்தேகம். பின்சீட்டை மடக்கி, டார்ச்சோடு ஒருவரை உள்ளே உட்கார வைத்து, வெளியிலிருந்து குழாயில் தண்ணீர் அடியுங்கள்.

முத்துநகர்வாசி:
ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். உள்ளே உட்கார என் மகன் இப்போதே டார்ச்சுக்குப் புது பேட்டரி கேட்கிறான்.