மகன் கத்துவதை எப்படிப் பதிவு செய்வது? சிசிடிவியா, போனா?

கானாடுகாத்தான் அம்மா:
மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். தெரபி அறையில் சமர்த்தாக இருக்கிறான், வீட்டில் சாயங்காலம் ஆனால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான், சில நாள் தூணில் தலையை முட்டுகிறான். வீடியோ எடுத்து வரச் சொல்கிறார் தெரபிஸ்ட். முட்டும்போது ஓடிப்போய்த் தடுப்பேனா, போனைத் தேடுவேனா? வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், சிசிடிவி மாட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர். பங்காளி வீட்டு ஆட்கள் வந்துபோகும் இடம், அப்பத்தா கேமராவே கூடாது என்கிறார்கள். நல்ல ஆப் இருந்தாலும் சொல்லுங்கள்.

தேவகோட்டை அப்பா:
சிசிடிவி வேண்டாம் ஆச்சி. நாள் முழுக்க ஓடியதை உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்? நாங்கள் சிம் இல்லாத பழைய போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து, பிரச்சினை வரும் நேரத்துக்கு மட்டும் ஓட விடுவோம். கத்தலும் அதற்கு முந்தைய சில நிமிடங்களும் போதும், மீதியை அன்றே அழித்துவிடுவோம். அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் மிக்ஸி ஓடியதும் எங்கள் மகள் முதலில் விரல்களை உதறுகிறாள், அப்புறம் மூலைக்குப் போகிறாள், அங்கிருந்து யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் கத்துகிறாள். இப்போது அவள் பள்ளியிலிருந்து வருமுன் அரைத்து முடித்துவிடுகிறோம், மூலைக்குப் போனால் யாரும் தொடுவதில்லை.

காரைக்குடி டீச்சர் (சிறப்புக் கல்வி):
அந்த முந்தைய நிமிடங்கள்தான் எங்களுக்கு வேண்டும். ஏ-பி-சி என்று குறிப்போம்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே நாம் என்ன செய்தோம். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கத்தியதும் கையில் போனைக் கொடுத்திருந்தால் அதுவும் தெரிய வேண்டும். தனி ஆப் தேவையில்லை அம்மா, வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே குரல் செய்தி அனுப்பினால் தேதியும் நேரமும் தானாக விழும். முந்தைய இரவுத் தூக்கம், மலம் போனானா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முட்டும்போது மட்டும் வீடியோவை மறந்துவிட்டுத் தடுங்கள். காது, பல், வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமலும் பிள்ளைகள் தலையை முட்டுவார்கள், அதனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கூப்பிட்டாலும் திரும்பாமல் சில நொடி வெறித்து நிற்கிறானா? அதைக் கட்டாயம் எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். அவன் சந்தோஷமாக விளையாடுவதையும் எடுங்கள், எது அவனை அமைதியாக்குகிறது என்பது அதில்தான் கிடைக்கும்.

பள்ளத்தூர் தம்பி:
என் அண்ணனுக்கு ஆட்டிசம், இப்போது பெரியவர். சின்ன வயதில் அவர் அழுத வீடியோ சொந்தக்காரர்கள் போனில் எல்லாம் சுற்றியது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. குடும்ப குரூப்பில் போடாதீர்கள் அக்கா. கூகுள் போட்டோஸில் தானாக ஏறுவதை நிறுத்திவிட்டு, தெரபிஸ்டிடம் உங்கள் போனிலேயே காட்டுங்கள். போன் வைக்கும்போது மகனிடமும் காட்டிச் சொல்லிவிட்டு வையுங்கள், பேசாத பிள்ளை என்றாலும்.

கானாடுகாத்தான் அம்மா:
ரொம்ப நன்றி. வளவில் வேண்டாம், உள் அறையில் கொஞ்ச நேரம் மட்டும் என்றதும் அப்பத்தா சரி என்றார்கள். அண்ணே, ஸ்டாண்டை அவன் தட்டிவிடாமல் எந்த உயரத்தில் வைத்தீர்கள்?

தேவகோட்டை அப்பா:
மரப் பீரோ மேலே, ஆச்சி. சார்ஜர் வயர் மட்டும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.