புதுப்பிப்பு: மியூனிக்கில் பெற்றோரின் வருகையும் உணவு வங்கித் தொண்டும்

பெற்றோர் மியூனிக்கில் என்னுடன் தங்கும் நாள்களில், டாஃபெல் உணவு வங்கியில் செய்துவரும் வாராந்தரத் தொண்டைக் கைவிட வேண்டியிருக்குமோ, அவர்களை அருகில் எங்கே அழைத்துச் செல்லலாம் என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். தொண்டு தடையின்றித் தொடர்ந்தது. 1993இல் பெர்லினில் தொடங்கிய இம்முயற்சி, கடைகளில் விற்காமல் எஞ்சும் நல்ல உணவைத் திரட்டி வறியோருக்கு வழங்குகிறது என்று விளக்கியதும், ஒரு பிடிச் சோறு வீணாவதையும் பொறுக்காத அம்மா, நான் செல்லும் நாள்களில் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தாமே மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார்.

ஜெர்மனி முழுவதும் உள்ளூர், வட்டாரப் பொதுப் போக்குவரத்தில் செல்லுவதற்கான மாதாந்தரப் பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட், எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லுபடியாகும் என்று நீங்கள் சொன்னது பேருதவியாயிற்று. ஆயினும் ரயில்களைப் பொறுத்தவரை அது வட்டார ரயில்களுக்கு மட்டுமே உரியது, ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் ஏற்கப்படாது என்பதை முதியோருடன் செல்வோர் கருத்தில் கொள்ள வேண்டும். சால்ஸ்பர்க்கில் குன்றின் மேலுள்ள ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டைக்கு மலைரயில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள அப்பாவும் சிரமமின்றி மேலே வந்து சேர்ந்தார்.