இலவச டோக்கன்: உங்களுக்கு என்ன நடந்தது?

சாட்ஸ்வர்த்திலிருந்து:

காவடியன்று இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பையன்கள் ஏர்டிராப் (கிரிப்டோ நாணயங்களை, அதாவது டோக்கன்களை, இலவசமாகக் கொடுப்பது) பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, நம் கதைகளை இங்கே கொட்டலாம் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டு நானே தொடங்குகிறேன்.

2023 மார்ச். நெடுநாள் எதிர்பார்த்த ஒரு டோக்கன் மதியம் மூன்று மணிக்குக் கொடுக்கப்படும் என்றார்கள். பட்டியலில் என் வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரியும் இருந்தது. இரண்டரைக்கு லோட்ஷெடிங், மின்வெட்டு. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையான தளம் திறக்கவே இல்லை. அவசரத்தில் பெயரைத் தேடி, மேலே வந்ததைத் தொட்டுவிட்டேன். அது விளம்பரம். அதே நிறம், அதே சின்னம். வாலட்டை இணைத்ததும் ஒரு கையொப்பம் கேட்டது. காஸ், அதாவது பரிமாற்றத்துக்கான கட்டணம், கேட்கவில்லை. பணம் கேட்காதவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று நம்பிப் போட்டேன்.

கோட்டைவிட்டது அங்கேதான். யூஎஸ்டிசி (ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ள நாணயம்) போன்ற சில டோக்கன்களில் 'பெர்மிட்' என்று ஒரு வசதி உண்டு. கட்டணமில்லாமல் நாம் போடும் கையொப்பமே, நம் முகவரியிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு எடுக்கலாம் என்ற அனுமதியாகிவிடும். பணத்தை எடுக்கிறவனே காஸைக் கட்டிக்கொள்வான். நான்கு நிமிடத்தில் 640 யூஎஸ்டிசி காலி. அப்போது டாலர் 18 ரேண்ட்; பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. இதைவிடக் கொடுமை, பயத்தில் உண்மையான இலவச டோக்கனைப் பெற்றுக்கொள்ளவும் போகவில்லை. ஆறு மாதக் கெடுவும் முடிந்துபோனது.

வெருலத்திலிருந்து:

அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எனக்கு நல்லதும் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப், தன் டோக்கனான யூனியில் 400 கொடுத்ததே, அது எனக்கும் வந்தது. செப்டம்பர் 1க்கு முன் ஒரு தடவை பயன்படுத்தியிருந்தால் போதும். நான் செய்த ஒரே பரிமாற்றம் பாதியில் தோற்று, காஸ் மட்டும் வீணாகியிருந்தது. தோற்றதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்! மூன்று டாலர் விலையில் விற்றேன்; ஏறத்தாழ 20,000 ரேண்ட். கூரை ஒழுக்கை அடைத்தோம். அடுத்த மே மாதம் அதே யூனி 40 டாலரைத் தாண்டியது. என் மைத்துனர் குடும்ப விசேஷம் ஒன்று விடாமல் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறார்.

ஒன்று மட்டும். கிரிப்டோவுக்கும் வழக்கமான வருமான வரி விதிகள்தான் என்று நம் வரித்துறை சார்ஸ் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. இலவசமாக வந்ததுதானே என்று விட்டுவிடாமல், வந்த தேதியையும் அன்றைய விலையையும் எழுதி வையுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து:

எனக்கு வாலட்டெல்லாம் கிடையாது. எங்கள் ஆயாவின் வாட்ஸ்அப்புக்கு வந்தது ஒன்று: 5,000 ரேண்ட் மதிப்புள்ள காயின் இலவசம், விடுவிக்க 250 ரேண்ட் மட்டும் கட்ட வேண்டும். ஆயா என்னைக் கூப்பிட்டு, "அந்த 250ஐ அந்த ஐயாயிரத்திலேயே கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுக்கச் சொல்லு" என்றார். அப்படியே தட்டி அனுப்பினேன். அன்றோடு அந்த எண்ணிலிருந்து பேச்சே இல்லை.

மவுண்ட் எட்ஜ்கோமிலிருந்து:

என் வாலட்டில் கேட்காமலே ஒரு டோக்கன் வந்து உட்கார்ந்திருக்கிறது. 3,100 டாலர் என்று காட்டுகிறது. பெயரே ஒரு இணைய முகவரி. அங்கே போனால்தான் விற்கலாமாம். தொடவில்லை. சும்மா கிடப்பதால் ஆபத்து உண்டா?

சாட்ஸ்வர்த்திலிருந்து:

கிடந்தால் ஒன்றும் ஆகாது தம்பி. யார் வேண்டுமானாலும் யார் முகவரிக்கும் அனுப்பலாம். வாங்க ஆளில்லாத சரக்குக்கு விலை ஒட்டுவதும் சுலபம். அந்தத் தளத்துக்குப் போய் அனுமதி கொடுத்தால்தான் வினை. வாலட்டில் மறைத்து வைத்துவிடு. வாலட்டைத் திறக்கும் சாவியான அந்தப் பன்னிரண்டு ரகசியச் சொற்களை எந்தத் தளத்திலும் தட்டாதே, அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இதையெல்லாம் படித்தபின், டோக்கனை எடுக்கத் தளங்களுக்கு நான் கொடுத்திருந்த பழைய அனுமதிகளை எடுத்துப் பார்த்தேன். 2021இல் கொடுத்தவை ஏழு, எல்லாமே வரம்பில்லாதவை. ஐந்தை ரத்து செய்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் காஸ் கட்டவேண்டும். இன்றைக்கு அந்தக் கட்டணம் ஏறிக் கிடக்கிறது. மீதி இரண்டை ஞாயிறு காலையில் பார்க்கவேண்டும்.