கிரவுச் எண்ட் ஸ்டேஷனை மூடியது பீச்சிங்தானா?

நடைவாசி:
போன ஞாயிறு லண்டன் ஆர்ச்வே ரோட்டு முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, பிள்ளைகளோடு ஹோம்ஸ்டேல் ரோடு பக்கம் இறங்கி பழைய ரயில் பாதையில் அமைந்த பார்க்லேண்ட் வாக் நடைபாதையில் நடந்தோம். கிரவுச் எண்ட் ஹில் பாலத்துக்கிட்ட வந்தால், இரண்டு பக்கமும் பிளாட்பாரம்! தண்டவாளம் கிடந்த பள்ளத்தில்தான் நாங்கள் நடந்துகொண்டிருக்கிறோம். சின்னவள் ஏறி விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, "ரயில் எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். சிமெண்ட் விரிசலுக்குள் பாசி, அவள் கை வைத்த இடமெல்லாம் பச்சை. 60களில் ரயில்வே தலைவர் பீச்சிங், பல பாதைகளையும் ஸ்டேஷன்களையும் மூடச் சொல்லி எழுதிய அறிக்கையால் மூடிய ஸ்டேஷன் என்று அங்கே ஒருவர் சொன்னார். உண்மையா?

பழைய தடம்:
இல்லை தங்கச்சி, பீச்சிங் அறிக்கை வந்தது 1963இல். கிரவுச் எண்டில் கடைசிப் பயணிகள் ரயில் நின்று போனது 1954 ஜூலை 3. அந்தப் பழியை அவர் தலையில் போட முடியாது.

இருபது வருஷமாக வாரம் ஒருமுறை அந்த வழியில் நடக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட் வழியாக எட்ஜ்வேருக்குப் போன பாதை அது. 1867 ஆகஸ்டில் திறந்தார்கள். 1873 மே மாதம் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்ற பொழுதுபோக்கு மாளிகைக்கு ஒரு கிளை போட்டார்கள். பேலஸ் திறந்து 16ஆம் நாளே எரிந்து போனது, பாவம்.

ஸ்டேஷனுக்குக் கேடு வந்தது 1935இல், நல்ல செய்தி ரூபத்தில். இந்தப் பாதை முழுவதையும் மின்மயமாக்கி நார்தர்ன் லைன் என்ற டியூப் (சுரங்க ரயில்) பாதையோடு சேர்க்கத் திட்டம் போட்டார்கள். பாதி வேலை முடிந்திருந்தது. போர் வந்தது. ஹைகேட்டுக்கு அடியில் டியூப் 1941இல் ஓட ஆரம்பித்ததும் சனம் அந்தப் பக்கம் போய்விட்டது. மேலே மிஞ்சியது அலெக்சாண்ட்ரா பேலஸ் நீராவி ரயில் மட்டும், அதுவும் கூட்ட நேரத்தில்தான். 1951 அக்டோபரில் நிலக்கரித் தட்டுப்பாடு என்று நிறுத்தி, 1952 ஜனவரியில் திரும்ப விட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வேறு வழியில் வேலைக்குப் போய்ப் பழகியவர்கள் திரும்பி வருவார்களா? மின்சாரம் வரும் வரும் என்று காத்திருந்தே அந்த ஸ்டேஷன் செத்தது. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கோமதி:
அண்ணா, மூடிய பிறகும் ரயில் ஓடியது என்று கேள்விப்பட்டேனே?

பழைய தடம்:
ஓடியது. சரக்கு 1964 வரை. அதற்குப் பிறகும் 1970 வரை, நார்தர்ன் சிட்டி லைனின் டியூப் பெட்டிகளை ஹைகேட் பணிமனைக்கு இந்த வழியாகத்தான் கொண்டு போனார்கள். மின்சாரத் தண்டவாளம் போடாததால் பேட்டரி எஞ்சின் கட்டி இழுத்தார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சின்னப் பையனாகப் பாலத்துச் சுவரில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். சிவப்புப் பெட்டிகள், உள்ளே ஒரு ஆள் இல்லை, நிற்காமலே பிளாட்பாரத்தைத் தாண்டிப் போகுமாம். தண்டவாளத்தைப் பெயர்த்தது 70களின் தொடக்கத்தில். நடைபாதையாக முறைப்படி திறந்தது 1984.

கோமதி:
நடைவாசி, அடுத்த தடவை ஸ்டேஷனோடு திரும்பிவிடாதீர்கள். ஃபின்ஸ்பரி பார்க் பக்கம் இன்னும் கொஞ்சம் நடந்தால், செங்கல் வளைவுக்குள்ளிருந்து ஒரு உருவம் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி இருக்கும். ஸ்பிரிகன் என்று பெயர், மேரிலின் காலின்ஸ் செய்த சிற்பம். மாலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், என் மகன் பயந்து அழுதுவிட்டான்.

நடைவாசி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஹைகேட் பக்கத்துச் சுரங்கத்துக்குள் போகலாமா?

பழைய தடம்:
முடியாது, கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். உள்ளே வௌவால் குடியிருக்கிறது. வாசலில் நின்று பாருங்கள், வெயில் நாளிலும் சில்லென்று காற்று வரும்.