ஏர்பேக் ரீகால் (ஆஸ்திரேலியா): "மாத்தி அமைச்ச வண்டி, தொட மாட்டோம்"னு திருப்பி அனுப்பிட்டாங்க, உதவி வேணும்

மணல்மேடு
வணக்கம். அவசரம். பழைய டபுள் கேப் (ரெண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்) ஃபோர் வீல் டிரைவ் வாங்கி நாலு மாசம் ஆகுது. டகாட்டா கம்பெனி ஏர்பேக் ரீகால் (குறையுள்ள ஏர்பேக்கைக் கழட்டி வேற மாத்தித் தர்றது) பாக்கி இருக்குன்னு வீட்டுக்கு லெட்டர் வந்துச்சு. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனா, வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு "மாடிஃபை பண்ணியிருக்கு, இந்த நிலைமையில தொட மாட்டோம்"னு சாவியைக் கையில குடுத்துட்டாங்க. ரீகால் இலவசம்தானே? ரெண்டு வாரத்துல பள்ளி லீவு, குடும்பத்தோட கேகரி (பழைய பேரு ஃப்ரேசர்) தீவுக்குப் போறோம். என்ன பண்றது?

ரெண்டாம் கியர்
எந்த வருஷ மாடல்? எந்த மாநிலம்? டிரைவர் பக்கமா, பக்கத்து சீட்டா? என்னென்ன மாத்தியிருக்கு? இதெல்லாம் சொன்னாத்தான் பதில் சொல்ல முடியும்.

பனங்கொட்டை
தம்பி, இது ஜப்பானில இருந்து தனியா இறக்கின வண்டியோ? அப்பிடியெண்டா இங்கத்தைய கணக்கில வின் நம்பர் (வண்டியின்ர அடையாள எண்) இராது. என்ர சிநேகிதர் ஒருத்தருக்கு இதே கதை. மூண்டு மாசம் அலைஞ்சவர்.

பழைய ஸ்பேனர்
இதே கேள்விக்கு இங்கே பத்து தடவை பதில் எழுதியாச்சு. கேக்கறதுக்கு முன்னாடி தேடிப் பார்க்கிற பழக்கம் இப்போ யாருக்கும் இல்லை. காரணம் புல் பார்தான், அதாவது வண்டிக்கு முன்னால மாட்டற இரும்புத் தடுப்பு. ஏர்பேக்குக்குப் பொருந்தாத பாரை மாட்டினா மோதல் சென்சாருக்குப் போற அதிர்வே மாறிடும். பாரைக் கழட்டிட்டுப் போங்க, வேலை முடியும்.

மணல்மேடு
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். 2009 டீசல், பிரிஸ்பேன், பக்கத்து சீட் ஏர்பேக். இங்கேயே புதுசா வித்த வண்டிதான். ரெண்டு இன்ச் லிஃப்ட் (வண்டி உயரத்தைக் கூட்டினது), புல் பார், ஸ்னார்கல் (இன்ஜினுக்குக் காத்து இழுக்கற உயரமான குழாய்), பின்னால டிராயர். எல்லாம் முன்னாடி வச்சிருந்தவர் பண்ணது. கம்பெனி பேரு வேண்டாம், இன்னும் அவங்ககிட்ட பேசிட்டிருக்கேன்.

ரெண்டாம் கியர்
முதல்ல ஒண்ணு: வேலை முடியற வரைக்கும் அந்த சீட்ல யாரையும் உட்கார வைக்காதீங்க. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. ஏர்பேக்கை ஊதி விரிக்கற இன்ஃப்ளேட்டர்ல இருக்கறது அம்மோனியம் நைட்ரேட். வருஷக்கணக்கா சூடும் ஈரமும் மாறி மாறிப் படும்போது அது சிதைஞ்சுபோகும். அப்புறம் மோதல்ல பத்தும்போது வேகமா எரிஞ்சு, உலோகக் கூடே வெடிச்சுத் துண்டு துண்டா முகத்துக்கு வரும். 2017 ஜூலையில சிட்னியில ஒருத்தர் அப்படித்தான் இறந்தார். பிரிஸ்பேன் வெயிலும் புழுக்கமும், 2009 மாடல், யோசிச்சுப் பாருங்க.

2018 பிப்ரவரி கடைசியில ஆஸ்திரேலிய அரசு இதைக் கட்டாய ரீகால் ஆக்குச்சு. சுமார் 30 லட்சம் வண்டி, 40 லட்சம் ஏர்பேக். 2020 டிசம்பர் 31 கெடு முடிஞ்சாலும் மாத்தாம விட்ட ஏர்பேக்கை இன்னமும் இலவசமாத்தான் மாத்தணும். லிஃப்ட், ஸ்னார்கல் எதுவும் அந்த வேலைக்குக் குறுக்கே வராது. ஏன் மறுக்கறாங்கன்னு எழுத்துல கேளுங்க. டேஷ்போர்டுல ஏதாவது பொருத்தியிருக்கா? போட்டோ போடுங்க.

சிவப்புத் தூசி
இவ்வளவு அலைச்சல் எதுக்கு? ஏர்பேக் ஃபியூஸைப் புடுங்கி வச்சிட்டு ஓட்டுங்க. வெடிக்கவும் வெடிக்காது, டீலர் வாசலும் மிதிக்க வேண்டாம். காட்டுப் பாதையில குலுங்கறப்ப ஏர்பேக் இல்லாம இருக்கறதே நல்லது.

பனங்கொட்டை
உப்பிடிச் சொல்லாதேங்கோ. ஃபியூஸ் புடுங்கினா டிரைவர் பக்கத்து ஏர்பேக்கும் சேர்ந்து போகும். எஸ்.ஆர்.எஸ். விளக்கு (ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு) எந்நேரமும் எரியும். நியூ சவுத் வேல்ஸில எண்டா பிங்க் சிலிப்பே (வண்டிப் பாதுகாப்புச் சோதனைச் சான்று) கிடையாது.

சிவப்புத் தூசி
நான் இருபது வருஷமா காட்டுல ஓட்டறேன். ஏர்பேக் வந்தது நேத்து.

பழைய ஸ்பேனர்
ரெண்டு பேரும் விஷயத்தை விட்டு வெளியே போறீங்க. புல் பார்தான் காரணம்னு சொல்லிட்டேன். பாரோட தகட்டுல ஏர்பேக்குக்குப் பொருந்தும்னு முத்திரை இருக்கான்னு அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

மணல்மேடு
பாத்தேன் அண்ணா, முத்திரை இருக்கு. ஆனா இன்னொண்ணு சொல்லாம விட்டுட்டேன், போட்டோ எடுக்கப் போனப்பதான் உறைச்சுது. கிளவ் பாக்ஸுக்கு மேல, ஏர்பேக்னு எழுத்து அச்சடிச்ச மூடி மேலயே, ஒரு எல் வடிவ இரும்புப் பட்டையை நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கி வச்சிருக்கு. அதுலதான் யூ.எச்.எஃப். ரேடியோ (மத்த வண்டிகளோட பேசற ரேடியோ) மாட்டியிருக்கு. ஏர்பேக்ங்கற வார்த்தையில பாதி பட்டைக்கு அடியில மறைஞ்சிருக்கு. நாலு மாசமா தினமும் அதைத் தொட்டுதான் பேசறேன்.

ரெண்டாம் கியர்
காரணம் இதுதான். டீலர் மறுத்தது சரி, காரணம் சொல்லாம அனுப்பினது தப்பு.

ஏர்பேக் ஒரு கண் இமைப்புக்குள்ள விரிஞ்சு முடிஞ்சிடும். அந்த மூடி கோட்டோட கிழிஞ்சு திறக்கற மாதிரி செஞ்சது. அது மேல இரும்பும் ரேடியோவும் இருந்தா, புத்தம் புது ஏர்பேக் போட்டாலும் அந்தப் பட்டை நேரா உட்கார்ந்திருக்கறவங்க நெஞ்சுக்கோ முகத்துக்கோ பறக்கும். அதை நீங்களே கழட்டாதீங்க. ஸ்க்ரூ எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு வெளியே இருந்து தெரியாது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, சில நிமிஷம் காத்திருந்து செய்யட்டும். மூடியில ஓட்டை இருந்தா மூடியையும் மாத்தணும், அது உங்க செலவா இருக்கலாம். ரெக்கர்கிட்ட (பழைய வண்டியை உடைச்சு பாகம் விக்கறவங்க) மூடி வாங்கலாம், ஆனா பழைய ஏர்பேக் மட்டும் வாங்கவே கூடாது. அதுக்குள்ளயும் இதே சரக்கு இருக்கலாம்.

அதுக்கப்புறமும் முடியாதுன்னா வண்டி கம்பெனியோட ரீகால் பிரிவுக்கு நேரா போன் பண்ணுங்க. அங்கேயும் நகரலைன்னா ரீகாலைக் கவனிக்கிற மத்தியப் போக்குவரத்துத் துறைக்கு எழுதுங்க. 2021 ஜூலையில சாலை வாகனத் தரச் சட்டம் அமலுக்கு வந்ததுல இருந்து வண்டி ரீகால் அவங்க பொறுப்பு.

பழைய ஸ்பேனர்
முதல் பதிவுலயே போட்டோ போட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சிவப்புத் தூசி
பட்டை விஷயத்துல ஒத்துக்கறேன். ஃபியூஸ் விஷயத்துல என் கருத்து மாறல.

பனங்கொட்டை
மாற வேண்டாம் அண்ணை, ஆனா பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறவருக்கு அதைச் சொல்லாதேங்கோ.

மணல்மேடு (பன்னிரண்டு நாள் கழிச்சு)
கழட்டியாச்சு. ஒரு ஸ்க்ரூ மூடியைத் தாண்டி, உள்ளே மடிச்சு வச்சிருக்கற துணி வரைக்கும் போய் நின்னிருந்துச்சு. மூடி என் செலவு. ஏர்பேக்கை அதே சர்வீஸ் சென்டர்ல ரெண்டு மணி நேரத்துல மாத்திக் குடுத்தாங்க, காசு வாங்கல. ரேடியோ இப்போ கியருக்கு முன்னாடி, கீழே. நாளைக்குக் கிளம்பறோம். எல்லாருக்கும் நன்றி.

கடலோரம்
என் வண்டியிலும் அதே இடத்துல டேப்லெட் ஸ்டாண்ட் இருக்கு, ஸ்க்ரூ போட்டதுதான். மூடிக்கு எவ்வளவு ஆச்சு? வர எத்தனை நாள் ஆச்சு?